அறுபது சட்டை

எங்கள் தெருவில் வீட்டுக்கு அறுபது சட்டை. கம்பெனி ஏஜென்ட் காலையில் சட்டைக் கட்டைக் கொடுப்பான். பொத்தான் தைத்து, மடித்து, மறுநாள் காலை அவன் வண்டி முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். முதலில் நாற்பதுதான் இருந்தது. அதை அறுபதாக்கிய புண்ணியவதி நான்தான்.

என் வீட்டுக்காரருக்கு லோடு இறக்குகிற வேலை. ஒரு நாள் இருந்தால் மூன்று நாள் இருக்காது. ஒன்பது வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பிள்ளைகள் தைக்கக்கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி உண்டு, பேருக்கு. ஆனால் யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் வேலை போய்விடும்.

"அறுபதா! ஒத்த ஆளாவா?" என்று ஏஜென்ட் வாயைப் பிளந்தான். "பின்னே?" என்று பீற்றிக்கொண்டேன். மறுவாரமே எல்லா வீட்டுக்கும் அறுபது என்றான், கூலியையும் குறைத்தான். ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றன.

எதிர்வீட்டுக்காரி மட்டும் மசியவில்லை. அதிகம் பேசமாட்டாள், அதனால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். கண் எரிய எரியத் தைத்தாலும் அவளுக்கு நாற்பதைத் தாண்டாது. ஆனால் மகளை ஊசி தொட விடமாட்டாள். அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். "பெரிய டாக்டராக்கப் போறா!" என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஏஜென்ட் அவள் கட்டை எண்ணிவிட்டுத் தூக்கிப் போட்டான். "இனிமே உனக்கு வேலை கிடையாது. இந்த அக்காவும் ஒத்த ஆளுதானே, எப்படி முடிக்கிறாங்க?" என்று என்னைக் காட்டினான்.

அவள் என்னைப் பார்த்தாள். என் மகள் குனிந்து தைப்பது தினமும் அவள் வாசலிலிருந்தே தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போவது என் பிழைப்பு. சொல்லவில்லை. "என்னால நாப்பதுதான் முடியும்ணே," என்றாள், அவ்வளவுதான். என்ன மனுஷி இவள்! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"நான் தைக்கிறதும் நாப்பதுதான்," என்றேன். "மிச்சத்தை என் பொண்ணு தைக்குது. ஒம்பது வயசு."

எனக்குப் பின்னால் நின்றவள், "எங்க வீட்லயும் அப்படித்தான்," என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் சொன்னாள். மொத்தத் தெருவையும் அவனால் நிறுத்த முடியுமா? முணுமுணுத்துக்கொண்டே எதிர்வீட்டுக்காரிக்கும் சேர்த்து ஆளுக்கு நாற்பதாகப் பிரித்துக் கொடுத்தான். எத்தனை நாளைக்கோ, தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கையிலிருந்த ஊசியை வாங்கி வைத்தேன். அவள் முகம் வாடிவிட்டது.

"நான் சரியா தைக்கலையாம்மா?"

"ரொம்ப நல்லா தைச்சடி," என்றேன். மூலையில் கிடந்த அவள் பள்ளிப் பையை எடுத்துத் தூசி தட்டினேன்.