நாற்பது வரை

டோஸ்டர் என்றால், இப்போது ரொட்டியைத் தானே சுட்டுத் தானே வெளியே தள்ளுகிறதே, அது இல்லை. இரண்டு பக்கமும் அலமாரிக் கதவு போலத் திறக்கும் பழைய தகர டோஸ்டர். நடுவில் கம்பி செக்கச்செவேலென்று பழுக்கும். ஒரு பக்கம்தான் சுடும். கதவைத் திறந்து பிரெட்டைக் கையால் திருப்பி வைக்க வேண்டும். மணியும் அடிக்காது, தானாக அணையவும் அணையாது. கொஞ்சம் கண்ணசந்தால் கரிதான். பக்கத்திலேயே ஒரு ஆள் தவம் கிடக்க வேண்டும்.

அந்த வீட்டில் இரண்டு பேர் தவம் கிடந்தார்கள். அம்மாவும் அப்பாவும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஏழு. எண்ணுவது அக்கா, திருப்புவது தம்பி. நாற்பது என்றால் நாற்பதுதான். பசி பொறுக்காமல் முப்பத்தெட்டிலேயே தம்பி கதவில் கை வைத்தால், பட்டென்று கையில் ஒரு அடி விழும். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பமாகும். "கருகட்டும். அவசரக்குடுக்கைக்கு அதுதான் தண்டனை" என்பாள். கருகியதைக் கரண்டியால் சுரண்டி, வெண்ணெய் தடவி, சரிபாதியாகப் பிய்த்துத் தின்றுகொண்டே பள்ளிக்கு ஓடுவார்கள். அந்த ருசி பிறகு எந்த ஓட்டலிலும் கிடைக்கவில்லை.

தம்பிக்கு இப்போது ஐம்பத்தெட்டு. வயது என்ன ஆனால் என்ன, தம்பி தம்பிதான். அவன் என்றே சொல்வோம். பிளம்பர். ஊரார் வீட்டு ஒழுகலையெல்லாம் அடைத்தவனுக்குத் தன் வாயை மட்டும் அடைக்கத் தெரியாது. ஆறு வருடங்களுக்கு முன் அம்மா இறந்து, வாடகை வீட்டைக் காலி செய்தபோது, ஓட்டை வாளியோடு வாளியாக அந்த டோஸ்டரையும் பழைய சாமான் வண்டியில் தூக்கிப் போட்டுவிட்டான். மறுநாள் அக்கா வந்து கேட்ட ஒரே பொருள் அதுதான்.

"அந்தத் துருப்பிடிச்ச டப்பாவா? அதுக்குப் போயா அழற?" என்று சிரித்தான்.

"எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன்டா" என்றாள் அக்கா. படியிறங்கிப் போனவள் பிறகு அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இவனும் போகவில்லை. அவளே வரட்டும் என்று வீம்பு. வீம்புக்கு ஆறு வருடம் தீனி போட்டு வளர்த்தான்.

மூன்று மாதம் முன்பு அக்காவுக்குப் பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. வாரம் தவறாமல் இவன் மருத்துவமனைக்குப் போய் எதிரில் உட்கார்ந்தான். அவள் ஜன்னலையே பார்த்தாள். நாளைக்கு அக்காவின் மகள் வந்து அவளைத் தன்னோடு விமானத்தில் கூட்டிப் போகிறாள். அதற்குள் ஒரே ஒரு தரம் "டா" என்று அவள் கூப்பிட்டுவிட வேண்டும். திட்டினாலும் சரி.

குழாய் மாற்றப் போன ஒரு வீட்டுப் பரணில் அதே மாதிரி டோஸ்டரைப் பார்த்ததும் கெஞ்சி வாங்கிவிட்டான். எலெக்ட்ரீஷியன் நண்பன் வயரை மாற்றிக் கொடுத்தான்.

"எண்ணுறது, கிழமை சொல்றது எல்லாம் சில பேருக்குப் பழக்கத்துல தானா வரும் சார்" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். "அதை வச்சு அவங்களுக்கு எல்லாம் புரியுதுன்னு சொல்லிட முடியாது." முதல் பாதிதான் இவன் காதில் விழுந்தது.

பயிற்சி அறை மேசையில் டோஸ்டரை வைத்து, பிரெட்டை மாட்டி, ஸ்விட்சைப் போட்டான். கம்பி சிவந்தது. வாசனை எழும்பியது. அக்காவின் தலை ஜன்னலிலிருந்து திரும்பியது.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு. மூணு."

அதே குரல். இவன் கதவருகே கையைக் கொண்டுபோனான். முப்பத்தெட்டு வந்ததும் வேண்டுமென்றே கதவைத் தொட்டான். அடி விழப்போகிறது என்று காத்திருந்தான்.

"முப்பத்தொம்பது. நாப்பது. நாப்பத்தொண்ணு."

அவளுடைய இடது கை மடியிலேயே கிடந்தது. பிரெட்டின் ஓரம் கருகிப் புகை வந்தது. கண் இவன் மேல்தான் இருந்தது, ஆனால் இவனைப் பார்க்கவில்லை. அவள் பிரெட்டுக்காக எண்ணவில்லை, இவனுக்காகவும் எண்ணவில்லை. அது இவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அக்கா, நீ அழுதுட்டுப் போன அன்னிக்கே அந்த டோஸ்டரைத் தேடிப் போனேன்க்கா. பழைய சாமான் கடை ஒண்ணு விடாம ஏறி இறங்கினேன். கிடைக்கல. உன்கிட்ட வந்து சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"நாப்பத்தெட்டு" என்றாள் அக்கா.

"சிரிச்சது தப்புக்கா."

"நாப்பத்தொம்பது."

அறையெல்லாம் புகை. பயிற்சிப் பெண் இருமிக்கொண்டே பிளக்கைப் பிடுங்க ஓடி வந்தாள். இவன் குறுக்கே கையை நீட்டித் தடுத்தான்.

"அணைச்சா நிறுத்திடுவாளோ என்னவோம்மா. அவ குரலைக் கேட்டு ஆறு வருஷமாச்சு. இன்னும் கொஞ்சம் எண்ணட்டும்."