சபீக்கா மூடுபனி வழியாகத் தங்கை வீட்டுக்குப் போனது

குவைத்தில் மூடுபனி கனத்து இறங்கிய ஒரு வெள்ளிக்கிழமை காலை, கானிமின் மனைவி சபீக்கா ஓர் உயரமான கோபுரத்தின் உச்சியில் இருந்த பார்வைத் தளத்துக்குப் போய், தடுப்புக் கம்பியைத் தாண்டி, பனியின் மேல் காலை வைத்து, எதிர்க் கட்டடத்தில் குடியிருக்கும் தங்கை வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள். சாலை வழியாகவே போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அந்தக் கட்டடத்துக் காவலாளியைத் தெரியாது. சபீக்கா வந்தால் 'வீட்டில் யாரும் இல்லை' என்று சொல்ல அவனுக்கு உத்தரவு.

உத்தரவு போட்டவள் தங்கை வத்ஹா. அவள் மகளின் நிச்சயதார்த்த விருந்தில், மாப்பிள்ளையின் அத்தைமார் காது கேட்க, சோறு குழைந்துவிட்டது என்று சபீக்கா சொன்னதில் ஆரம்பித்த பகை அது. அதன்பின் அந்த மகளுக்கே பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். எண்ணெய் விலையும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிவிட்டது. அக்காளும் தங்கையும் மட்டும் பேசவில்லை. பார்வைத் தளம் திறந்தபோது, அங்கிருந்து பார்த்தால் வத்ஹாவின் சமையலறை பால்கனி தெரியும் என்பதைச் சபீக்கா கண்டுகொண்டாள். கேட்டால், வானிலை பார்க்கப் போகிறேன் என்பாள். எல்லா வானிலையும் பார்த்தாள். கோடைக் கொதிப்பில் கடல் சுவர்போல எழுந்து நிற்க, மீன்கள் தளத்தின் உயரத்துக்கே நீந்திப் போயின. ஐஸ்கிரீம் உருகுகிறதென்று யாரும் அதிக நேரம் பார்க்கவில்லை. புழுதிக் காற்றில் செம்மண் புருவத்தோடு இறங்கி வந்து அபாயா அங்கியை உதறினாள். உள்ளிருந்து ஒரு நண்டு விழுந்து ஓடியது. மழை நாளில் மேகம் தளத்துக்குக் கீழேயே நின்றுவிட்டதால் மழை தரைக்குத்தான் போனது. வழி தவறிய சில துளிகள் மட்டும் மேலே வந்தன.

இத்தனைக்கும் கானிம் கீழே காரிலேயே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். ஆனால் எழுத்து வேலை. ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடும் ஆள். அந்த வெள்ளிக்கிழமையும் காரில்தான் இருந்தார். போன் அடித்தது. மகன் தலாலின் பெயரை வைத்து, 'தலாலின் அப்பா' என்ற பொருளில்தான் சபீக்கா அவரைக் கூப்பிடுவாள்.

"அபூ தலால், கொஞ்சம் மேல வாங்க. நான் வெளிய நிக்கிறேன்."

"வெளியன்னா?"

"வெளியன்னா வெளிய. பாதி தாண்டிட்டேன். இப்பப் பார்த்து வெயில் வந்துடுச்சு. பனி கரையுது. தொழுகை விரிப்பு அளவுதான் மிச்சம்."

லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டு போனவர் தளத்தில் திறந்தார். எதிர்க் கட்டடத்துக்குக் கொஞ்சம் இப்பால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு துண்டுப் பனியின் மேல் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். முன்னாலும் பின்னாலும் வெறும் வானம். தளத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த எகிப்துக்காரர் அப்துல் மௌலா, "கவலப்படாதீங்க ஹாஜி, அம்மா டிக்கெட் வாங்கிட்டுத்தான் போனாங்க" என்றார். அவர் கெண்டியின் ஆவி கம்பிக்கு அப்பால் போய்ப் பனியாகப் படிந்தது. அதில் ஒரு கடற்புறா வந்து அமர்ந்தது. கானிமுக்குப் புரிந்தது. ஆனால் கெண்டி சின்னது, தூரம் பெரிது. வத்ஹாவின் அடுப்புத்தான் பக்கம். போனைப் போட்டார்.

"வத்ஹா, நான் கானிம். வச்சுடாதே. அடுப்புல என்ன இருக்கு?"

"இத்தன வருஷம் கழிச்சு இதக் கேக்கவா கூப்பிட்டீங்க மச்சான்?"

"பெரிய பானையா இருந்தா தூக்கிக்கிட்டு பால்கனிக்கு வா. வந்து பாரு."

வெள்ளிக்கிழமை என்றால் மச்பூஸ், இறைச்சி போட்ட சோறு; பெரிய பானைதான். வத்ஹா தூக்கி வந்தாள், பார்த்தாள், பானையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். மூடியில் கை வைத்தாள், திறக்கவில்லை.

"அக்கா! என் சோறு எப்படி?"

சபீக்கா உட்கார்ந்திருந்த பனியில் ஒரு மூலை கழன்று போனது.

"எனக்கு அன்னிக்குப் பல்லு வலிடி. வாயில எதுவுமே சரியாப் படல."

"பொய்."

"சரி, பொய். உன் பொண்ணுக்கு அவ்வளவு நல்ல இடம் அமைஞ்சுதேன்னு வயித்தெரிச்சல். போதுமா? திறடி!"

வத்ஹா திறந்தாள். ஏலக்காயும் உலர்ந்த எலுமிச்சையும் மணக்க, ஆவி சுவரைத் தாண்டி வழிந்து இறுகியது. சபீக்கா ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"குழைஞ்ச சோத்து ஆவி. பாத்து வா, தாங்குதோ என்னவோ!"

தாங்கியது. இரண்டு கைகள் நீண்டு சபீக்காவைப் பால்கனிக்குள் இழுத்துக்கொண்டபோதுதான், தன் உடம்பில் பாதி கம்பிக்கு வெளியே தொங்குவதைக் கானிம் கவனித்தார். அப்படியே தரையில் சரிந்து, அழுதார். அப்துல் மௌலா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தேநீர் ஊற்றினார்.

அதன்பின் பனிக்காலத்தில் அந்தப் பக்கத்துச் சமையலறைகள் மூடியைத் திறந்துவைத்தே சமைத்தன. பெண்கள் போகவும் வரவும் இருந்தார்கள். வெளியே போய்த் திரும்புகிறவர்கள் புது டிக்கெட் வாங்க வேண்டும் என்று கோபுரத்தில் பலகை மாட்டினார்கள். அநியாயம் என்று பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த குளிர்காலத்தில் சபீக்காவுக்கும் வத்ஹாவுக்கும் ஒரு திரைச்சீலையின் நிறம் பற்றி மறுபடி மூண்டது. இந்த முறை யாரும் யார் வீட்டு வாசலையும் அடைக்கவில்லை. பனி இறங்கும் காலைகளில் இருவரும் ஆளுக்கொரு பக்கமிருந்து நடந்து வந்து, நடுவானில் நின்று, வெயில் ஏறும்வரை சண்டை போட்டுவிட்டுப் போகிறார்கள். கீழே போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.