இரண்டு பேருக்கான வேலை

1

முதலே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை களவெடுத்தது. யாரிடம் என்றால் தர்மினியிடம். ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவா என்கிற இடத்தில் எங்கள் புளொக்கில், எனக்கு நேர் மேல்மாடி. வருடம் முழுக்க அங்கே இருக்கமாட்டாள். மே தொடங்கினால் அவளும் புருசன் ரிஷிகேசனும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில், கடற்கரையோரம் இருக்கிற ஒரு காம்பிங்குக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். கூடாரம் அடிக்கிறவர்களும், காருக்குப் பின்னால் இழுக்கிற கரவன் வீட்டில் வருகிறவர்களும் தங்குகிற இடம் அது. (பேர் சொல்லமாட்டேன். சொன்னால் தர்மினி என்னோடு கதைக்கமாட்டாள்.)

போன செவ்வாய்க்கிழமை, நான் வேலை செய்கிற பாலர் பள்ளியில் இடைவேளை நேரம், போன் எடுத்தாள். இருபது நிமிடம் மூச்சுவிடாமல் கதைத்தாள். நானோ எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கதை தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டு, ஒரு வரியும் வராமல் இரண்டு மாதமாக முழிசிக்கொண்டு நிற்கிறவள். வாய் சும்மா இருக்குமா? “தர்மினி, இது நல்ல கதையெல்லோ” என்று சொல்லிவிட்டேன்.

“கதையில்லை அக்கா,” என்றாள். “என்ரை வேலை போகப்போகுது.”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று பின்னேரமே எழுதத் தொடங்கிவிட்டேன்.

2

முதலாவது தொடக்கம்: ‘பியோர்டின் நீல அலைகள் கரையை முத்தமிட்டுக்கொண்டிருந்த ஒரு’

(விடுங்கோ. முத்தமிடுகிற அலையை எனக்கே பிடிக்காது.)

இரண்டாவது: ‘புலம்பெயர்ந்த வாழ்வில் உழைப்பு என்பது’

(இது மலரின் வாழ்த்துரையில் வரும். தலைவர் எழுதுவார்.)

மூன்றாவது, உள்ளது உள்ளபடி. ரிஷிகேசன் பத்தொன்பது வருடம் இரவு பஸ் ஓடினவன். தர்மினி ஒரு முதியோர் இல்லத்தில் பகலில் துப்புரவு வேலை. பிள்ளைகளோடு ஒருவர் நிற்கவேண்டும் என்று மாறிமாறி எடுத்த வேலைகள். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போனபிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் சாப்பிட்ட கோப்பையை மற்றவர் கழுவி வைப்பதுதான் குடும்பம் என்று ஆகிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் தர்மினி அந்த விளம்பரத்தைக் கண்டாள். காம்பிங்கைப் பார்த்துக்கொள்ளத் தம்பதி தேவை, தங்க ஒரு சின்னக் குடில் உண்டு. இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்ட முதல் வேலை அவர்களுக்கு அதுதான். அவள் வருகிறவர்களைப் பதிவாள், குளிப்பறை கழுவுவாள், வாஃபல் சுடுவாள். அவன் புல்லு வெட்டுவான், குழாய் திருத்துவான், கரவன்களுக்குக் கரண்ட் கொடுப்பான். நாலு மணிக்கு இரண்டு பேரும் வாசலில் கிடக்கிற ஒரே மர வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். இதைச் சொல்லும்போது தர்மினியின் குரலை நீங்கள் கேட்கவேணும். மற்றவர்கள் கனடாவில் தங்கச்சி வீடு வாங்கினதைச் சொல்லுவார்களே, அப்படி ஒரு பெருமை.

3

இனிப் பிழை.

அந்தக் காம்பிங்கில் கோடை முழுக்கக் கரவனோடு இருக்கிற ஆட்கள் உண்டு. வருடாவருடம் அதே இடம், அதே ஆட்கள். இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில், ஆளுக்கொரு கரவனில் இருக்கிற இரண்டு பேர் ஓத்வார் கிழவரும் கிரேத்தெ கிழவியும். இரண்டு பேரும் பென்சன் எடுத்தவர்கள். இரண்டு கரவனுக்கும் நடுவில், சரளைக்கல்லின் மேல், உள்ளங்கை அளவில் பதினொரு கற்கள் கிடந்தன.

தர்மினிக்குக் காலமை எழும்பினால் முற்றம் கூட்டவேணும். அது வேலைப் பட்டியலில் இல்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை.* எனக்குப் போன் எடுப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தும்புத்தடியோடு அந்தப் பக்கம் போனவள், கால் தட்டுப்படுகிற மாதிரிக் கல்லுக் கிடக்கிறதே என்று பதினொன்றையும் பொறுக்கி, கொடிக்கம்பத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கிவிட்டாள். வடிவாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

* காம்பிங் முதலாளி ஸ்வெரே முதல் வருடம் அவளைத் தடுத்துப் பார்த்தவன். கூட்டாத முற்றத்தில் ஆட்களை வரவேற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

4

அந்தக் கற்கள்தான் இரண்டு கரவனின் இடத்துக்கும் எல்லை. இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தில் நம்பிக்கை போய்விட்டது. யோசித்துப் பாருங்கள். வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டான் என்று அண்ணனும் தம்பியும் கோட்டுக்குப் போய், வழக்கறிஞர் மேல்மாடி கட்டும்வரைக்கும் வழக்குப் பேசின ஊர் ஆட்கள் நாங்கள். எங்களில் ஒருத்தி எல்லைக் கல்லைப் பொறுக்குவாளா? வாசிக்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா?

போன் எடுத்துக் கேட்டேன். “உமக்கு அது எல்லையெண்டு விளங்கேல்லையோ?”

“எல்லையெண்டால் வேலி இருக்கோணும் அக்கா. வேலியில்லாத எல்லையை ஆர் கண்டது?”

சரிதான். வேலிச் சண்டைக்குள் பிறந்து வளர்ந்தவளுக்குத்தான் இந்தப் பிழை வரும். பதினொரு கல்லை நம்பி இரண்டு பேர் இருபது வருடம் பக்கத்தில் இருக்கலாம் என்று அவள் மண்டைக்குள் ஏறவேயில்லை. பாத்திரத்தை மன்னித்துவிட்டு மேலே எழுதினேன்.

5

ஓத்வாரும் கிரேத்தெயும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தர்மினியும் திருப்பிச் சத்தம் போட்டிருப்பாள், அன்றைக்கே முடிந்திருக்கும். இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், ஆளுக்கொரு முறைப்பாடு ஸ்வெரேக்கு எழுதினார்கள்.

திங்கட்கிழமை ஸ்வெரே வந்தான். கோப்பி ஊற்றினான். வேலையில் குறையில்லை என்று தொடங்கினான். (நோர்வேயில் வேலை செய்த எவருக்கும் தெரியும், அப்படித் தொடங்கினால் கெட்ட செய்தி.) அடுத்த வருடம் வருகிறவர்கள் தாங்களே போனில் பதிந்துகொள்ளலாம், அதற்கு ஆள் தேவையில்லை. குளிப்பறைக்கு ஒரு கொம்பனியைப் பிடிக்கலாம். ஆனால் குழாயும் கரண்டும் தெரிந்த ஆள் வேணும். ரிஷிகேசன் தனிய வரலாமோ? ஞாயிறு இரண்டு மணிக்கு வருகிறேன், பதில் சொல்லுங்கள் என்றான். கல்லைப் பற்றியும் ஒரு சொல் சொன்னான், போகிற போக்கில்.

ரிஷிகேசன் ‘யோசிக்கிறன்’ என்றான்.

என் முதல் பிரதியில் அவன் மேசையில் அடித்து, ‘என் மனைவி இல்லாமல்’

(வெட்டு. ரிஷிகேசன் மேசையில் அடிக்கிற ஆளில்லை. லிஃப்டில் கண்டால் சிரித்துவிட்டு நிலத்தைப் பார்க்கிறவன்.)

அதே பிரதியில் தர்மினி அழுதாள். வாசித்துக் காட்டினேன். நான் எப்ப அழுதனான் என்று கேட்டாள். அவளுக்கு வந்தது கோபம். ஸ்வெரேயோடு அல்ல, புருசனோடு. “யோசிக்கிறதுக்கு இதில என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. நாலு மணிக்கு வாங்கிலும் போய் இருக்கவில்லை. எனக்கும் அவன்மேல் ஆத்திரம்தான். ஒரு பக்கம் முழுக்க அவனைக் கோழை ஆக்கி எழுதி வைத்திருந்தேன்.

6

தர்மினி சும்மா இருக்கிற ஆளா? வேலை போனாலும் பழியோடு போகமாட்டேன் என்று நின்றாள். புதன்கிழமை கிரேத்தெயிடம் போய், பழைய கோடைகாலப் படங்கள் இருக்கோ என்று கேட்டாள். பிறகு ஓத்வாரிடமும் கேட்டாள். பேரப்பிள்ளைகள், பிறந்தநாள், இறால், நாய். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அந்தக் கற்கள் தெரிந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கு விசயம் விளங்கிவிட்டது. ஒரு வருடம் கல்லு அந்தப் பக்கம் ஒரு பாதம் தள்ளி இருக்கும், அடுத்த வருடம் இந்தப் பக்கம். இருபது வருடமாக இரண்டு பேரும் மாறிமாறி நகர்த்தியிருக்கிறார்கள்.

“எங்கட ஆக்கள்தான் அக்கா,” என்றாள் என்னிடம். அவர்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலமை ஒரு கயிற்றோடு போனாள். ஊரில் வேலிச் சண்டை தீர்க்கிற முறைதான், ஆளுக்கொரு நுனி, இரண்டு பேரும் தங்கள் கையால் பிடிக்கவேணும். பிடித்தால் பிறகு பேச்சில்லை. கிரேத்தெ ஒரு நுனி, ஓத்வார் மறு நுனி. கொஞ்சம் இஞ்சாலை, கொஞ்சம் அங்காலை என்று நாற்பது நிமிடம் போனது. கயிறு இறுகி நின்றபிறகு, கொடிக்கம்பத்தடியிலிருந்து கற்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தர்மினி அதன் வழியே வைத்தாள். கிரேத்தெ அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

இதோடு கதையை முடித்திருந்தால் மலர்க் குழுவுக்குச் சந்தோசம். ஆனால் ஸ்வெரேக்கு ஒருவரும் இதை எழுதவில்லை. முறைப்பாடு எழுதுகிறவர்கள் சமாதானத்தை எழுதுவதில்லை. எழுதியிருந்தாலும் என்ன, போனில் பதிகிற யோசனை கல்லுக்கு முதலே அவன் மனதில் இருந்திருக்கும்.

7

இன்று சனிக்கிழமை. நாளைக்கு ஞாயிறு. என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்று: ஸ்வெரே மனம் மாறுகிறான். (நான் எழுதும்போதே கொட்டாவி விட்டேன்.)

இரண்டு: ரிஷிகேசன் தனிய வேலைக்குப் போகிறான். தர்மினி ஹவுகன்ஸ்டுவா பல்கனியில் நின்று

இந்த வசனத்தில் நிற்கும்போது போன் வந்தது. ரிஷிகேசன். இத்தனை வருடத்தில் எனக்கு அவன் போன் எடுத்ததேயில்லை.

“அக்கா, நீங்கள் எழுதுற ஆள். ஒரு நோர்வேஜியன் வசனம் சரியோ எண்டு பாக்கோணும்.”

ஐந்து நாளாக அதைத்தான் எழுதியெழுதி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். பஸ் ஓடினபோது பயணிகளோடு அதிகம் கதைக்கத் தேவைப்படவில்லை, அதனால் இப்படிப்பட்ட பேச்சுக்கு வாய் வராது என்றான். ஸ்வெரே மரியாதையாகக் கேட்டவன், மரியாதையாகச் சொல்லவேணும், ஆனால் வளைக்க இடம் வைக்கக்கூடாது. பிறகு வாசித்தான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நாங்கள் இரண்டு பேர், இல்லாவிட்டால் ஒருவருமில்லை.

“தர்மினிக்குச் சொன்னீரோ?”

“ஓம். இப்பதான். பக்கத்தில நிக்கிறா.”

வசனத்தில் ஒரு பிழை இருந்தது. திருத்தவில்லை, சரியாக இருக்கிறது என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு, அவனைக் கோழை ஆக்கின பக்கத்தைக் கிழித்தேன். பல்கனியில் நிற்கவைத்த தர்மினியையும் கிழித்தேன்.

8

மலர் அச்சுக்குப் போவது இன்று. நாளை இரண்டு மணிக்கு நடப்பது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். போன வருடம் ஒரு கதையில் ஒருவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தேன், அதற்கு முதல் வருடம் ஒருத்தியைச் சாகக் கொடுத்தேன். இரண்டும் என் கையில் இருந்த ஆட்கள். இவர்கள் அப்படியில்லை.

ஆகையால் வாசிக்கிற நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கோ. ஸ்வெரேயின் கதிரையில் இருங்கோ. நேரம் இரண்டு. கதவு திறக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டின இரண்டு பேர் ஒன்றாக உள்ளே வருகிறார்கள். ரிஷிகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வசனத்தைச் சொல்லி முடிக்கிறான். இரண்டு பேரும் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பதில் சொல்லுங்கோ.