பச்சை போன லாரி

போக்குவரத்து அலுவலகத்தின் சோதனைத் திடலில் வரிசை நகர்வதாக இல்லை. வெல்டர் தம் லாரியின் முகப்பு விளக்கைத் துண்டால் துடைத்தார். ஏற்கெனவே பளபளத்ததைத்தான் துடைத்தார்.

பட்டாளம் கழித்துப் போட்ட லாரி அது. மருமகனுக்கு ஒரு பிழைப்பு ஆகட்டும் என்று, தம் பட்டறையை விற்று ஏலத்தில் எடுத்தார். பட்டாளத்துப் பச்சையோடு ஊருக்குள் ஓட்டக் கூடாது என்பது விதி. சுரண்டி எடுத்துவிட்டு நீலம் அடித்திருந்தார்.

"மாமா, வாசல்ல புரோக்கர் நிக்கிறான். அவனைப் பிடிச்சா வண்டியை ஏறெடுத்துக்கூடப் பார்க்க மாட்டாங்களாம்," என்றான் மருமகன்.

"நம்ம வீட்டுல யாரும் பின்வாசல் வழியாப் போனதில்ல மாப்ள. வண்டியில குறை இருந்தாத்தானே ஆள் பிடிக்கணும்?"

"குறையா? என் கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை யாரும் இப்படிச் சிங்காரிச்சு நிறுத்தல."

வெல்டரின் மீசை லேசாக அசைந்தது.

ஆய்வாளர் வந்தார். விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் சரி. முன்சக்கரத்தின் ஓரம் குனிந்து அடிச்சட்டத்தை விரலால் தடவினார்.

"சட்டத்துல பொறிச்ச சேஸிஸ் நம்பர் எங்கேய்யா?"

"அங்கதான் சார் இருக்கும்."

"இருந்திருக்கும். இப்பக் கண்ணாடி மாதிரி இருக்கு. யாரு தேய்ச்சது?"

வெல்டரும் குனிந்து பார்த்தார். அந்த இடத்தில்தான் துருவும் பழைய பச்சையும் அடை அடையாக அப்பியிருந்தன. மேலாகப் பெயின்ட் அடித்தால் போதும் என்று மருமகன் சொன்னபோது, அரைகுறை வேலை நம் பரம்பரையிலேயே கிடையாது என்று அதட்டிவிட்டு, இரும்பு வெளுக்கும்வரை கிரைண்டர் பிடித்தது அவர் கைதான்.

"நான்தான் சார். துருவை எடுத்தேன்."

"நம்பரைத் தேய்க்கிற திருடன் எல்லாம் இதைத்தான் சொல்வான்."

"பட்டாளத்துக் காகிதம் இருக்கு சார்."

"காகிதத்துல நம்பர் இருக்கு. வண்டியில இல்லையே. அந்த வண்டிதான் இதுன்னு வித்த படைப்பிரிவு எழுதிக் கொடுக்கட்டும்."

"அந்தப் பிரிவையே கலைச்சாச்சு சார்," என்றான் மருமகன். "அதனாலதான் ஏலமே விட்டாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண? பறிமுதல் கொட்டடியில விடுங்க."

அடுத்த வண்டி வந்தது. கண்ணாடியில் கீறல், கதவு கயிற்றில் தொங்கியது. புரோக்கர் அதன் மேல் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். ஆய்வாளர் குனியாமலே கையெழுத்துப் போட்டார்.

மருமகன் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

லாரியை வெல்டரே ஓட்டிப்போய்க் கொட்டடியில் நிறுத்தினார். முதுகு வளையவில்லை. விரல்கள் மட்டும் சாவியை விட மறுத்தன. காவலாளி அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். பிறகு சுண்ணக்கட்டியால் புது நீலத்தின் மேல், கதவு நிறைய ஓர் எண்ணை எழுதினான்.

வெல்டரின் கை தன்னையறியாமல் துண்டோடு கதவுப்பக்கம் போயிற்று.

"அழிச்சிடாதீங்க பெரியவரே," என்றான் காவலாளி. "இனி வண்டிக்கு இதுதான் நம்பர்."