கூறையில் தைத்த பாவாடை

சாம்பவி அம்மாவின் சேலைக் கொசுவத்தை மூன்றாவது முறையாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஸ்காபரோ மலர்ச்சாலையில் அம்மாவின் உடலைப் பார்வைக்கு வைத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. வந்தவர்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடிச் சனமும் அம்மா வேலை செய்த பேக்கரிக்காரரும்தான். பெட்டியின் கால்மாட்டில் நின்று அழுத பெண்ணை மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்கள் ஆர் அக்கா?"

"வேரோனிக்கா. அஜக்ஸில இருந்து வாறன். மரண அறிவித்தலில படத்தைப் பாத்தனான்." கண்ணைத் துடைத்தாள். "உங்கட அம்மா தைச்ச யூனிபோம் போட்டிருந்தனான், தங்கச்சி."

சாம்பவியின் கை அப்படியே நின்றது. வன்னியில் அம்மா இயக்கத்தின் பெண்கள் துணைப்படைக்கு உடுப்புத் தைத்தது அவளுக்குத் தெரியும். கனடாவுக்கு வந்தபின் அம்மா தையல் மெசினைத் தொட்டதில்லை. சட்டைக் கொளுக்கி கழன்றாலும் வெளியேதான் கொடுப்பாள். கேட்டால், "கை வராது பிள்ளை" என்பாள்.

இருவரும் பின்வரிசையில் போய் இருந்தார்கள்.

"வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கம் என்னைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க பதினேழு வயசு. தலைமயிரை ஒட்ட வெட்டினவை. அம்மாதான் அளவெடுத்தவ. 'உனக்கு இடுப்பே இல்லையேடி' எண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பி நிண்டவ."

வேரோனிக்கா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சண்டையின்ர கடைசி நாள் சனமெல்லாம் ஆமிப் பக்கம் போகுது. நான் யூனிபோமோட நிண்டு நடுங்கிறன். அம்மா கண்டிட்டா. பங்கருக்குள்ள இழுத்துக்கொண்டு போய், தன்ர கலியாணக் கூறையை வெட்டி, கையாலயே பாவாடை சட்டை தைச்சுத் தந்தவ. செல் விழுந்து வெடிக்க வெடிக்கத் தைச்சவ."

சாம்பவி நிமிர்ந்தாள். அப்போது அவள் காயப்பட்ட அப்பாவோடு, நோயாளரை ஏற்றிய கப்பலில் திருகோணமலைக்குப் போய்விட்டிருந்தாள். போன வருடம் தன் கலியாணத்துக்கு அந்தக் கூறையைக் கேட்டபோது, "அங்க விட்டிட்டு வந்திட்டன்" என்று மட்டும் அம்மா சொன்னாள்.

"யூனிபோமை என்ன செய்தவ?"

"மணலுக்க புதைச்சவ. 'நான் தைச்சது, நானே புதைக்கிறன்' எண்டா."

வேரோனிக்கா தன் தலைமயிரைத் தடவிக்கொண்டாள்.

"அங்கால ஒரு ஆமிக்காரன் என்ர ஒட்ட வெட்டின தலையைப் பாத்து மறிச்சான். அம்மா என்ர கையை விடேல்லை. 'நெருப்புக் காய்ச்சலில வெட்டினது. இவள் என்ர மூத்த பிள்ளை' எண்டா. பிறகு அகதிக் காம்பில என்ர அம்மா என்னைக் கண்டுபிடிச்சிட்டா. அந்தச் சனத்துக்க உங்கட அம்மாவைத் துலைச்சுப்போட்டன். ஒரு நன்றிகூடச் சொல்லேல்லை."

பையிலிருந்து பாவாடையை எடுத்து நீட்டினாள். சிவப்பு வெளிறியிருந்தது. சாம்பவி தையலில் விரலை ஓட்டினாள். தொடக்கத்தில் நெருக்கமாக இருந்த இழைகள் போகப்போக அவசரமாகி, முடிவில் அகன்று கிடந்தன. மெல்ல மடித்து வேரோனிக்காவின் மடியிலேயே வைத்தாள்.

"உங்களிட்டையே இருக்கட்டும் அக்கா. உங்களுக்குத்தானே தைச்சவ." சாம்பவி பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அம்மா அந்தப் பாதையெல்லாம் தனிய நடந்து வந்தவ எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

முன்னாலிருந்து ஐயர் கூப்பிட்டார். "பிள்ளையள் வாய்க்கரிசி போட வாங்கோ."

சாம்பவி எழுந்து வேரோனிக்காவின் கையைப் பிடித்தாள்.

"நான் வேதக்காரியெல்லோ, தங்கச்சி. சேர்ச்சுக்குப் போறவள்."

"பரவாயில்லை, வாங்கோ."

பெட்டியருகே வந்ததும் சாம்பவி வேரோனிக்காவை முன்னே விட்டு ஒரு அடி பின்னால் நின்றுகொண்டாள். வேரோனிக்கா நெற்றியில் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு குனிந்து, தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளினாள்.