ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை

முப்பத்து நான்கு வருடம் ரயில் நிலையத்தில் வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவன் நான். நான் போட்ட அட்டவணையில் ஒரு வண்டி இன்னொரு வண்டியின் வழியில் குறுக்கிட்டதில்லை. அதனால், என் மனைவி மிர்கா கிரேக்கத் தீவுக்குப் போகவேண்டும் என்று சொன்னபோது, "பயண ஏற்பாட்ட எங்கிட்ட விடு. நீ பாட்ட மட்டும் பாத்துக்க" என்று மார்தட்டினேன். மார்தட்டாமல் இருந்திருக்கலாம்.

மிர்கா எங்கள் ஊர் ஸ்கோஜெலெட்ஸில், ஆற்றங்கரைத் தெருவில், கேக் கடை வைத்திருக்கிறாள். வயது அறுபத்திரண்டு. கை சுத்தம், வாய் கூர்மை. அவள் மனதில் இரண்டு ஆண்களுக்கு இடம் உண்டு. ஒருவன் நான். இன்னொருவர் ஃபோட்டிஸ் கலவ்ரினோஸ் என்ற பாடகர். யாருக்கு முதலிடம் என்று கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

ஃபோட்டிஸ், உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த கிரேக்கக் குடும்பங்களோடு சின்னப் பையனாக எங்கள் ஊருக்கு வந்தவர். எங்கள் போலந்து மொழியிலும் அவருடைய மொழியிலும் மாற்றி மாற்றிப் பாடுவார். பிராகிலிருந்து சோபியா வரைக்கும் அவர் ஒலிநாடா இல்லாத வீடு கிடையாது. பிறகு நாடு திரும்பி, மனைவியின் ஊரான கலாந்தித் தீவில் குடியேறி, அங்கேயே கண்ணை மூடினார். என்னைக் கேட்டால், ஜலதோஷம் பிடித்த பாதிரியார் பூசை வைக்கிற மாதிரி ஒரு குரல். இதை மிர்காவின் காதுபடச் சொன்ன அன்று எனக்கு ராச்சாப்பாடு கிடைக்கவில்லை.

அவருடைய ரசிகர்கள் ஆண்டுதோறும் அந்தத் தீவில் கூடுவார்கள். செக்குகள், ஹங்கேரியர்கள், செர்பியர்கள், எங்கிருந்தோ ஒரு ஜப்பானியத் தம்பதி. சாயங்காலம் முழுக்கப் பாட்டு. கடைசிப் பாட்டை மட்டும் ஒரே ஒருவர் தனியாக, தன் தாய்மொழியில் பாடவேண்டும். யார் என்பதை ஜனவரியில் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஒருவர் பெயர் ஒரு முறைதான் பெட்டிக்குள் போகும். எடுத்த சீட்டு திரும்ப உள்ளே போகாது, வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

மிர்கா ஒன்பது வருடமாக அவர்கள் குழுவில் இருக்கிறாள். ஒரு தடவைகூடப் போனதில்லை. கூட்டம் எப்போதும் செப்டம்பரில் நடக்கும். செப்டம்பர் எங்களுக்குக் கல்யாண மாதம், கடையை விட்டு நகர முடியாது. இந்த ஆண்டுதான் முதல் முறையாக வசந்த காலத்துக்கு மாற்றினார்கள். இந்த ஆண்டே சீட்டும் அவளுக்கு விழுந்தது. அன்று அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் என் சட்டையெல்லாம் மாவு.

கூட்டத்தை நடத்துகிற ஸ்டமாட்டிஸ், தீவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். சுருக்கமாக எழுதுவார். "ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை, சூரியன் சாயும் நேரம், வழக்கமான இடம்." அவ்வளவுதான் அறிவிப்பு.

ஈஸ்டர் மார்ச் முப்பத்தொன்று. அடுத்த சனி ஏப்ரல் ஆறு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். இங்கிருந்து வ்ரோட்ஸ்வாஃபுக்கு ரயில், அங்கிருந்து ஏதென்ஸுக்கு விமானம், துறைமுகத்துக்குப் பேருந்து, பிறகு கப்பல். நடுவில் எங்கே எத்தனை நிமிடம் காத்திருக்கவேண்டும், எங்கே காப்பி குடிக்கலாம் என்பது வரை எழுதினேன். ஈஸ்டர் முடிந்த வாரம் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை என்பதால் மிர்காவுக்கும் பரம திருப்தி. கிரீம் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டைப் பாடிப் பழகினாள். கலவை இயந்திரத்தின் சத்தத்தைத் தாண்டிப் பாடியதில், அந்த மாதம் தெருவுக்கே பாட்டு மனப்பாடம்.

மார்ச் நடுவில் ஒரு நாள், மிர்கா முட்டை வாங்கப் போயிருந்தாள். கலியோப்பி அக்கா கசகசாக் கேக் வாங்க வந்தார். அதே அகதிக் குடும்பங்களில், ஆனால் இங்கேயே பிறந்தவர். எங்கள் மாடியில் குடியிருக்கிறார். நான் சும்மா இருக்கமாட்டாமல் அட்டவணையை எடுத்துக் காட்டினேன்.

"எங்க, குடு பாப்போம் உன் வேதப் புத்தகத்த" என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"ஏப்பா லெஷெக், ஏப்ரல் ஆறாந்தேதி அங்க போயி என்ன பண்ணப் போறீங்க? விரதம் இருக்கப் போறீங்களா?"

"கூட்டம் இருக்கேக்கா. ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கிழமை."

"யாரு ஈஸ்டரு? எங்க ஈஸ்டர் இந்த வருசம் மே அஞ்சுல்ல!"

அட்டவணையை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அவர்கள் கிரேக்கச் சபைக்கு வேறு நாள்காட்டி, எங்கள் கத்தோலிக்கச் சபைக்கு வேறு. எங்கள் ஈஸ்டர் வேறு, அவர்கள் ஈஸ்டர் வேறு. இது எனக்குத் தெரியாதா? இருபது வருடமாக, எங்கள் ஈஸ்டர் முடிந்து நாங்கள் மறந்தே போன பிறகு, ஒரு தட்டு நிறையச் சிவப்பு முட்டை கொண்டுவந்து கொடுப்பவரே இந்த அக்காதான். வருடத்துக்கு இரண்டு ஈஸ்டர் தின்றவன் நான். தின்றேனே தவிர யோசிக்கவில்லை.

"மிர்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இன்னைக்கே சொல்லிடு. ஊறப்போட்டா நாறிப்போயிடும்."

"சொல்லிடறேன்கா."

சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. ஒருவேளை அக்காவே தவறாக இருக்கலாம் என்ற நப்பாசையில் ஸ்டமாட்டிஸுக்கு எழுதிக் கேட்டேன். "நண்பரே, ஈஸ்டர் என்றால் ஈஸ்டர்தானே, அதில் எந்த ஈஸ்டர் என்று என்ன கேள்வி?" என்று பதில் வந்தது. கூடவே, ஹங்கேரியர்கள் மூன்று பேரும் ஒரு செக் ஜோடியும் இதே கேள்வி கேட்டதாகவும், எங்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்றும் எழுதியிருந்தார். மற்றவர்கள் தேதியை மாற்றிக்கொண்டார்கள். எங்களால் மாற்ற முடியாது.

மே பதினொன்று சனிக்கிழமை கூட்டம். மறுநாள் ஞாயிறு எங்கள் பங்குக் கோயிலில் புதுநன்மை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதைக் கல்யாணத்துக்குச் சமமாகக் கொண்டாடுவார்கள் எங்கள் ஊரில். கேக் இல்லாமல் புதுநன்மை கிடையாது. விரித்த புத்தகம் மாதிரி ஒரு கேக், அதன்மேல் திருக்கிண்ணம், பிள்ளையின் பெயர். மிர்கா ஜனவரியிலேயே பதினான்கு வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். நான் எல்லாக் கப்பலையும் எல்லா விமானத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை மாலை தீவில் பாடிவிட்டு ஞாயிறு காலை ஸ்கோஜெலெட்ஸில் கேக்கோடு நிற்க வழியே இல்லை. ஞாயிறு மதியத்துக்கு முன்னால் தீவிலிருந்து படகே கிடையாது.

நான்காம் நாள் சொன்னேன். அவள் ஒரு பிறந்தநாள் கேக்கின் விளிம்பில் கிரீம் பிழிந்துகொண்டே பாடிக்கொண்டிருந்தாள்.

"மிர்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"பாலப் பொங்க விட்டுட்டியா?"

"இல்ல. ஈஸ்டர மாத்திப் போட்டுட்டேன்."

முழுவதையும் சொன்னேன். அவள் பாதி பிழிந்திருந்த பூவை முடித்தாள். பிறகு கிரீம் பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த ஆர்டர்ச் சீட்டுகளைப் பார்த்தாள். நான் இடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

"ஏதாவது சொல்லு. திட்டு. திட்டினா எனக்கு நிம்மதியா இருக்கும்."

"உனக்கு நிம்மதி குடுக்கத்தான் நான் கட திறந்து வச்சிருக்கனா?" என்றாள். "போ. அந்தத் தட்டெல்லாம் கழுவு."

கழுவினேன். அதற்கப்புறம் கிரீம் அடிக்கும்போது இயந்திரத்தின் சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டு நாள் அந்த வெறும் சத்தத்தைக் கேட்கப் பொறுக்காமல் நான் கடை வாசலிலேயே நின்றேன். அதுவரை அவள் பாடுவது எனக்கு ஒரு தொந்தரவு என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, கடைக்குப் பின்னால் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தன்னால் வர இயலாது, தன் பாட்டை நோவி சாத் ஊரிலுள்ள ஒரு செர்பியப் பெண்ணுக்குக் கொடுத்துவிடும்படி. கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"குடுடா இங்க!"

"தரமாட்டேன். நீ போ. கேக்க நான் போடறேன்."

அவள் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அதுவும் கேலிச் சிரிப்பு. "நீயா? உனக்கு ஓடு விழாம ஒரு முட்ட உடைக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேன். ஏழு வாரம் இருக்கு."

"உன்ன நம்பி பதினாலு புள்ளைங்கள விட்டுட்டு நான் போகணுமா?"

"வெறும் கேக்க வியாழக்கெழமையே நீ சுட்டு வச்சிட்டுப் போ. நடுவுல கிரீம் வைக்கிறது, மேல பூசறது, பேரு எழுதறது, கொண்டுபோய்க் குடுக்கறது எம்பொறுப்பு. அடுப்புப் பக்கமே நான் போகமாட்டேன்."

யோசித்தாள். பிறகு சின்னக் குரலில், "அப்ப நீ வரமாட்டியா?" என்றாள்.

"நான் வந்து என்ன பண்ணப் போறேன்? அந்த ஆளு குரலே எனக்கு ஆகாது."

"நான் பாலத்தத் தாண்டித் தனியாப் போனதே இல்ல, லெஷெக்."

உண்மைதான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஜெர்மனி, அதற்குமேல் அவள் தனியாக எங்கும் போனதில்லை. "அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றேன். அது பதிலே இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கைப்பேசியைத் திரும்பக் கொடுத்தேன். அவள் எழுதியதை அழித்தாள்.

அந்த ஏழு வாரம் நான் பட்ட பாட்டை என் எதிரியும் படக்கூடாது. ரயில்வேயில் எந்த மேலதிகாரியும் என்னை அப்படி விரட்டியதில்லை. கத்தியைச் சாய்த்துப் பிடி, மூச்சை அடக்கு, கிரீமைக் கெஞ்சாதே, தள்ளு. என் முதல் திருக்கிண்ணத்தைப் பார்த்துவிட்டுக் கலியோப்பி அக்கா, "இதென்ன, சிக்னல் விளக்கா?" என்று கேட்டார். தோற்றுப்போன கேக்குகளை நாங்கள் மூவருமே தின்று தீர்த்தோம். எனக்கு இடுப்புப் பட்டையில் ஒரு துளை கூடியது.

விமானத்தில் ஒரு சீட்டின் தேதியை மாற்றினேன், இன்னொன்றை விட்டுவிட்டேன். அவளுக்காகப் புதிதாக ஓர் அட்டவணை எழுதினேன், நான்கு பக்கம். வேலை பார்த்த காலத்தில் எழுதாததையெல்லாம் அதில் எழுதினேன். 'இங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும்.' 'இங்கே யாரிடமும் பையைக் கொடுக்காதே.' 'இந்த இடத்தில் எல்லோருக்கும் குழப்பம் வரும், பயப்படாதே, நீல உடுப்புக்காரரிடம் கேள்.' அவள் அதை நான்காக மடித்து ஜாக்கெட்டின் உள் பையில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. மிர்கா ஏறி, ஜன்னலை இறக்கி, என்னமோ சொல்லப்போகிறாள் என்று பார்த்தால், "எலுமிச்சச் சாறு ரெண்டு கரண்டிக்கு மேல ஊத்திடாத" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

சனிக்கிழமை காலை ஐந்து மணியிலிருந்து நானும் அக்காவும் நின்றோம். அவர் கிரீம் அடிக்க, நான் பூச, பெயர் எழுத. மாலை ஏழு மணிக்குப் பதினோரு கேக் முடிந்திருந்தது. பன்னிரண்டாவதில் பாதிப் பெயர் எழுதியிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. என் இரண்டு கையிலும் கிரீம். அக்கா எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

மிர்காவின் கைப்பேசியை அங்கே யாரோ உயர்த்திப் பிடித்திருந்தார்கள், திரையில் கடல் தெரிந்தது. நிறையத் தலைகள். நீல உடையில் மிர்கா, காற்று அவள் முடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டைப் பாடுகிறவர் முதலில், இது யாருக்காக என்று சொல்லவேண்டும். எல்லோரும் ஃபோட்டிஸுக்கு என்றுதான் சொல்வார்களாம், மிர்கா முன்பே சொல்லியிருந்தாள். மிர்கா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பாட்டு எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள். "பேரு லெஷெக். அவரும் வர்றதாத்தான் இருந்துச்சு. இப்ப ஊர்ல எனக்காகக் கேக் போட்டுட்டு இருக்காரு."

ஸ்டமாட்டிஸ் அதைக் கிரேக்கத்தில் சொன்னார். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அவள் பாடத் தொடங்கினாள். முதல் கண்ணி நன்றாகப் போயிற்று. இரண்டாவதில் குரல் உடைந்து, ஒரு வரி முழுக்கக் காற்றாகப் போயிற்று. கூட்டம் மெதுவாகச் சேர்ந்துகொண்டது. வரி தெரிந்தவர்கள் அவரவர் மொழியில், தெரியாதவர்கள் வெறும் ராகமாக. கடைசி வரியை மறுபடி அவளே பாடினாள்.

நான் அழுதேன். சொல்வதற்கென்ன, விசும்பி விசும்பி அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

"தள்ளி நின்னு அழு, கேக்குல விழுது" என்றார் அக்கா. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியதும் மிர்காவின் முகம் திரை முழுக்க வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா லெஷெக்? நடுவுல ஒரு வரி போயிடுச்சு."

"எனக்கு முழுசாக் கேட்டுச்சு, மிர்கா" என்றேன்.