எஸெத்தாவின் வெள்ளைச் சட்டை

கழுத்து வளைவுக்கு உள்பட்டி வைக்கும்போது, சட்டையின் நல்ல பக்கத்தோடு பட்டியின் நல்ல பக்கத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டு, விளிம்பிலிருந்து தையலை நோக்கிச் சின்னச் சின்னதாக வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் பட்டியை உள்ளே திருப்பும்போது வளைவு விரிந்து படியும். இல்லையென்றால் கழுத்து சுருங்கி எழும்பி நிற்கும். கத்திரி நுனி தையலுக்கு ஒரு நூல் முன்னால் நிற்க வேண்டும். லூபெயின் கத்திரி நிற்கவில்லை. தையலைத் தாண்டி, சட்டையின் முன்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் போய்விட்டது.

அது செத்துப்போன அக்கா எஸெத்தாவை அடக்கம் செய்ய அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டை. ஞாயிற்றுக்கிழமை, தீவின் தலைநகரான ஆப்பியாவில் துணிக்கடை திறக்காது. ஆஸ்பத்திரிக்குப் போய் உடலுக்கு உடுத்தி வீட்டுக்குக் கொண்டுவர, வாசலில் லாரி வந்துவிட்டது.

"அண்ணி, கெடுத்துட்டேன்."

அண்ணன் மனைவி பெனினா ஓடிவந்து பார்த்தாள். "கண்ணைத் தொடைச்சிட்டு வெட்டக் கூடாதாடி? அவளோட பழைய வெள்ளைச் சட்டை ஒண்ணை எடுப்போம்."

"உடம்பு வீங்கிக் கெடக்கு. எதுவும் பத்தாது."

"பூவை வச்சு மறைச்சிடலாம்."

"ஊரே குனிஞ்சு முத்தம் குடுக்கும் அண்ணி! ஊருக்கெல்லாம் தைக்கிறவ, கூடப் பொறந்தவளைக் கிழிசலோட அனுப்பினாளேன்னு..." லூபெ மெஷின்மேல் கவிழ்ந்தாள்.

பெனினா சட்டையைத் திருப்பினாள். பின்கழுத்தில் தலை நுழைய ஒரு திறப்பு, அதற்கொரு பொத்தான்.

"இது யாருக்கு? அவ எழுந்து உக்காந்து மாட்டிக்கவா போறா? கை மடங்காதுடி. எப்படியும் சட்டையோட முதுகைப் பொளந்துதான் உடுத்துவாங்க. புதுப் பட்டிக்குத் துணியை அங்கேருந்து எடு."

"நான் பொளக்க மாட்டேன்."

"அப்ப பொணவறையில இருக்கறவன் பொளப்பான். அவன் கத்திரி உன் கத்திரி மாதிரி இருக்குமா?"

லூபெ எழுந்து முதுகின் நடுவே ஒரு நீளத் துண்டை வெட்டி எடுத்தாள். அங்கிருந்து எடுத்த துணியில் அகலமாகப் புதுப் பட்டி. பழையதைப் பிரித்துவிட்டு, இதைச் சட்டையின் உட்புறம் வைத்துத் தைத்து வெளியே திருப்பினாள். உள்பட்டி வெளிப்பட்டியானது, கிழிசல் அதன் அடியில் போயிற்று. பட்டியின் கீழ் விளிம்பை மடித்துத் தையல் ஓட்டினாள். கழுத்து படிந்தது.

முதுகில் இரண்டு வெட்டு விளிம்புகள் பிசிறிட்டு நின்றன.

"அதை விடு. மண்ணுக்குள்ள யாரு பாக்கப்போறா?"

"இழை உருவிக்கிட்டே வரும் அண்ணி. விட முடியாது."

லாரி ஹாரன் அடித்தது. மிச்சத் துணியில் ஒரு விளிம்புக்குப் பட்டி வைத்து மெஷினில் ஓட்டினாள். இன்னொன்றை லாரியில் உட்கார்ந்து கையால் தைத்தாள். பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் ஊசி விரலில் ஏறியது. வெள்ளையில் ரத்தம் படாமலிருக்க விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பெனினா துணியை இழுத்துப் பிடித்திருந்தாள்.

பிணவறை வாசலில் இறங்கும்போது தைக்க இன்னும் ஒரு சாண் மீதியிருந்தது. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கைகளை நுழைத்து உடுத்தியபின் பெனினா தோளைத் தூக்கிப் பிடித்தாள். லூபெ தைக்காத விளிம்பை விரலால் மடித்து நீவினாள்.

"இப்ப படுக்க வைங்க."

எஸெத்தாவின் முதுகு அதன்மேல் இறங்கியது. லூபெ கையை எடுக்கவில்லை.

"எடுடி," என்றாள் பெனினா. "அவ பாரமே மடிப்பைப் புடிச்சுக்கும்."